பாட்டில்லாமல்

சட்டைக் காலரில் இஸ்திரிப் பெட்டியை வைத்த நேரத்தில் வானொலியில் அவள் புருஷன் குரல் கேட்டது.

"குடிச்சேன், பொண்டாட்டிய அடிச்சேன். ஆண்டவர் என்னை மன்னிச்சுட்டார். அவளும் மன்னிச்சுட்டா. வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போறேன்."

அறிவிப்பாளர் அல்லேலூயா சொல்ல, கிட்டாரும் டிரம்ஸும் முழங்கிக்கொண்டு பாட்டு வந்தது. சலவைக்கடையில் துணி மடிக்கிற அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"குடுத்துவச்சவடி நீ!"

அட பாவி, நான் எப்போது மன்னித்தேன்? அவன் தன் அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்து ஏழு மாதம். ஒரு போன் உண்டா? இவளுக்கு அன்றைக்கு அடிபட்ட இடது மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்குவதில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு சாட்சி, அதன்மேல் நாலு நிமிஷப் பாட்டைப் பூசி மெழுகிவிட்டால் ஆயிற்றா?

எரிச்சல் அதனால் மட்டுமல்ல. அதே பாட்டுதான் இந்த ஏழு மாதமும் இவளைத் தூக்கி நிறுத்தியது. மேசைக்கடியில் கால் இப்போதும் தாளம் போட்டது. அடுத்து வந்த நினைப்புக்கு அவளே பயந்தாள். ஆண்டவரும் அடி வாங்கியவர்தான், மன்னித்திருப்பார். அடி வாங்கிய இரண்டு பேரில் ஒருத்தரிடம் மட்டும் கேட்டால் போதுமா?

ஞாயிறு ஆராதனை முடிந்து அரைமணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. சங்கிலியைக் கழற்றாமல் திறந்தாள். கையில் பையோடு அவன், பின்னால் பாஸ்டர். ஆள் இளைத்திருந்தான். பாவமாகத்தான் இருந்தது. இவளைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டையே ஆரம்பித்தான். குரல் என்னவோ தேன்தான். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துக் கைகூடத் தட்டினாள்.

"பாட்டை நிறுத்துங்க."

நின்றது.

"என்னம்மா இது? ஆண்டவரே மன்னிச்ச பிறகு..." என்றார் பாஸ்டர்.

"ஆண்டவர்கிட்ட இவர் கேட்டிருப்பார், பாஸ்டர். என்கிட்ட இன்னும் கேக்கல." அவனைப் பார்த்தாள். "என்ன செஞ்சீங்கன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லி மன்னிப்புக் கேளுங்க. பாட்டில்லாம."

அவன் கண்ணைத் திறந்தான். பார்வை சங்கிலியைப் பிடித்திருந்த அவள் இடது கையின் மணிக்கட்டில் போய் நின்றது. வாய் திறந்தது. பாஸ்டர் மெல்லப் பாட்டின் அடுத்த அடியை எடுத்துக்கொடுக்கப் பார்த்தார்.

"நீங்க சும்மா இருங்க, பாஸ்டர்," என்றாள் அவள். சங்கிலியிலிருந்து கையை எடுக்கவில்லை.