தங்கம் இறங்கிய பாதை

அமெரிக்காவிலிருந்து வந்த தங்கமணியின் பெட்டிகளில் ஒன்று கிட்டத்தட்ட ஆள் உயரம் இருந்தது. மன்னார்குடிப் பக்கத்தில் அமெரிக்கப் பெட்டி என்றால் சாக்லேட்டும் சென்ட்டும் வரும். இதிலிருந்து முதலில் ஒரு சக்கரம் வந்தது, அப்புறம் இன்னொன்று, கடைசியில் கறுப்பாக ஒரு சட்டம். அக்கா வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தங்கமே எல்லாவற்றையும் பூட்டி முடித்தாள். மொபெட் டயர் மாதிரித் தடித்த டயர்கள், முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங். மலையில் ஓட்டுகிற சைக்கிள் என்றாள்.

அக்கா ஜெயபாரதி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பஞ்சநதம் நாற்காலியை இழுத்துப் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி கியரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

தங்கத்தின் திட்டம் இதுதான். திருச்சியில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, சைக்கிளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொல்லிமலை, ஏற்காடு, கோத்தகிரி என்று சுற்றப்போகிறாள். காட்டுக்குள் போகிற ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் விடப்போகிறாள். தன்னந்தனியாக. அமெரிக்காவில் ஒவ்வொரு கோடைக்கும் இப்படித்தான் கிளம்பிவிடுவாளாம். கணவர் வேலை என்று அங்கேயே இருந்துவிட்டார். ஒன்பது வயது மகள் அமிர்தா அதுவரை பெரியம்மாவிடம் இருப்பாள்.

"உனக்கு லீவுதானேக்கா," என்றாள்.

லீவுதான். ஜெயபாரதி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மே மாதம் முழுக்க அவளுக்கு வேலை கிடையாது. மகன் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தான். மேட்டூர் அணை திறக்கிறவரை வாய்க்காலிலும் தண்ணீர் வராது. பம்புசெட்டுத் தண்ணீரில் பஞ்சநதம் போட்டிருந்த கோடைப் பருத்தி மட்டும் பச்சையாக நின்றது. மறுக்க ஒரு காரணமும் இல்லை. சரி என்றாள். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

சைக்கிள் அவளுடையது. அப்படித்தான் அவள் மனதில் இருந்தது. பாமணி ஆற்றங்கரையில் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி ஓடித் தங்கத்துக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். தங்கம் இரண்டு மிதி மிதித்துவிட்டு அழுவாள். ஜெயபாரதியோ பெண்கள் சைக்கிள் பந்தயத்தில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தாள். தொண்ணூற்று மூன்றில் சென்னையில் மாநில அளவிலான பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அப்பா அமிர்தலிங்கம் யோசிக்கவே இல்லை. வயசுப் பெண்ணை யார் கூட்டிக்கொண்டு போவது, எங்கே தங்கவைப்பது என்று கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த வருஷமே கல்யாணம்.

சில வருஷத்தில் ஊரே மாறிவிட்டது. எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர் படிப்பு, எந்த வீட்டில் கேட்டாலும் வெளிநாட்டுப் பேச்சு. அதே அப்பா தங்கத்தைத் தனியாகத் திருச்சிக்கு பஸ் ஏற்றிவிட்டார், அங்கேயே விடுதியில் விட்டார், பிறகு விமானம் ஏறுகிறபோது கையசைத்துவிட்டு வந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் மூன்று வயதுதான். அந்த மூன்று வருஷத்துக்குள் எங்கேயோ ஒரு கதவு திறந்திருக்கிறது. திறந்தபோது ஜெயபாரதி இந்தப் பக்கம் நின்றுவிட்டாள்.

தங்கம் கிளம்பிப் போன மறுநாளே குடும்பத்து வாட்ஸப் குழுவில் படங்கள் வர ஆரம்பித்தன. காரின் பின்னால் கட்டிய சைக்கிள், மேகத்துக்கு மேல் சைக்கிள், மிளகுக் கொடி ஏறிய மரத்தில் சாய்ந்திருக்கும் சைக்கிள். கொல்லிமலையிலிருந்து ஒரு வீடியோ வந்தது. தலைக்கவசத்தில் கேமராவை மாட்டி எடுத்தது. செம்மண் பாதை மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து சரிகிறது. ஓர் இடத்தில் படி படியாகப் பாறை. அந்தப் பாறையிலும் சைக்கிள் நிற்கவில்லை, கடகடவென்று இறங்கிவிட்டது. கீழே போனதும் தங்கம் சிரிக்கிற சத்தம்.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனிலிருந்து கும்பகோணத்தில் இருக்கும் தங்கத்தின் மாமியார்வரை எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள். ஜெயபாரதியும் போட்டாள். போட்டுவிட்டு அதே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சிரிப்பு வருகிற இடத்தில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள்.

பஞ்சநதம் அந்த வீடியோவை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார். சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"ஒத்தப் பொம்பள, மொழி தெரிஞ்ச ஊருன்னாலும் காடு காடுதானே. அதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும் பாரதி. எல்லாருக்கும் வராது," என்றார்.

அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார். ஜெயபாரதி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் கோத்தகிரியிலிருந்து ஒரு படம் வந்தது. தேயிலைச் சரிவுக்கு மேல் தங்கம் இரண்டு கையையும் விரித்து நின்றாள். முழங்காலெல்லாம் சேறு. நாற்பதை நெருங்குகிற முகமாகவே இல்லை. ஜெயபாரதி அதைப் பார்த்தாள். அமிர்தா பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்து என்ன செய்கிறோம் என்று முழுதாக நினைத்து முடிப்பதற்குள் விரல்கள் தட்டிவிட்டன. 'பாப்பாவுக்குக் காலைல இருந்து நல்ல காய்ச்சல். நூத்தி மூணுக்குக் கொறயல. உன்னயே கேக்குது.'

அனுப்பிய உடனே அழித்துவிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் தங்கம் படித்துவிட்டாள். போன் அடித்தது. ஜெயபாரதி எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. 'மருந்து குடுத்துத் தூங்க வச்சிருக்கேன், எழுப்பாதே' என்று எழுதினாள். 'கெளம்பிட்டேன்' என்று பதில் வந்தது. பிறகு படம் எதுவும் வரவில்லை. அந்த ராத்திரி முழுக்க அவள் போனைக் கவிழ்த்து வைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தாள்.

தங்கம் விடிந்ததும் வந்து சேர்ந்தாள். காரின் இடப்பக்கம் முழுக்கக் கீறல். பல்லடத்துக்கு அப்பால் கண்ணசந்து சாலையோரத் தடுப்பில் உரசிவிட்டதாம். உடம்பில் படத்தில் பார்த்த அதே சேறு காய்ந்திருந்தது. அமிர்தா கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தது. தங்கம் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள்.

"காய்ச்சல் எப்படா விட்டுச்சு?"

"எனக்குக் காய்ச்சலே வரலியேம்மா," என்றது குழந்தை.

தங்கம் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தாள். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். என்ன விஷயம் என்று புரியாமல் பஞ்சநதம் மனைவியைக் கேட்டார். அவள் அவரிடம் மறைக்கவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அன்றெல்லாம் அவர் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

வெயில் சாய்ந்த பிறகு தங்கம் கொல்லைக்கு வந்தாள். ஜெயபாரதி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா?"

"பொறுக்கல."

"எது பொறுக்கல?"

"நீ போறது. நீ சிரிக்கறது. எல்லாந்தான்."

"அதுக்கு எம் பொண்ணா கெடச்சா? வழியெல்லாம் என்னென்ன நெனச்சிட்டு வந்தேன் தெரியுமா?"

ஜெயபாரதி மடித்த துணியை மறுபடி பிரித்தாள். கேட்கவேண்டும் என்று பல நாளாக அவளுக்குள்ளே ஒன்று கிடந்தது. ஒரு பெண் குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாகக் காட்டுக்குப் போகிறாள் என்றால் ஏதாவது ஒரு துக்கம் இருக்கும். புருஷனோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். வேலையில் ஏதாவது இருக்கலாம். அப்படி ஒன்றைத் தங்கம் சொல்லிவிட்டால் போதும், எல்லாம் ஆறிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"உனக்கு அங்க ஏதாச்சும் கஷ்டமா தங்கம்?"

தங்கம் அவளை வினோதமாகப் பார்த்தாள். "கஷ்டமா? ஒண்ணுமில்லயே. நல்லாத்தான் இருக்கோம். புடிச்சிருக்கு, போறேன்."

அவ்வளவுதான். அதைவிடக் கொடுமையான பதிலை அவள் சொல்லியிருக்க முடியாது. மறுநாள் காலையில் மகளையும் சைக்கிளையும் காரில் ஏற்றிக்கொண்டு தங்கம் கும்பகோணத்துக்கு மாமியார் வீட்டுக்குப் போனாள். மீதி நாளுக்கு அங்கேயே இருந்துவிட்டு அப்படியே அமெரிக்காவுக்குப் போகிறேன் என்றாள். வாசல்வரை வந்த அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வீடு வெறிச்சென்று ஆனது. பஞ்சநதம் கோபமாகவும் பேசவில்லை, சமாதானமாகவும் பேசவில்லை. வேண்டியதை மட்டும் கேட்டார். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் ஜெயபாரதி மாடிப்படிக்கு அடியிலிருந்து மகனின் சைக்கிளை வெளியே எடுத்தாள். பத்தாவது பாஸ் பண்ணியதற்கு வாங்கிக்கொடுத்த கியர் சைக்கிள். டயரும் ஓரளவு தடிமன்தான். காற்றடித்தாள், செயினுக்கு எண்ணெய் போட்டாள், சீட்டைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். பிறகு அதைத் தூக்கிப் பஞ்சநதத்தின் பொலீரோ ஜீப்பின் பின்பக்கத்தில் கிடத்தினாள்.

"எங்க?" என்றார் பஞ்சநதம்.

"கொல்லிமலை."

"யாரோட?"

"யாரோடயும் இல்ல."

பருத்தி எடுக்க ஆள் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். அவர் உள்ளே போய் வண்டிச் சாவியை எடுத்து வந்தார். அவள் திருவாரூரைத் தாண்டி வண்டி ஓட்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும். தைரியத்தைப் பற்றித் தான் சொன்னது ஞாபகம் வந்ததோ என்னவோ, சாவியைக் கொடுத்துவிட்டு டயரில் காற்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

தஞ்சாவூர்வரை ஒவ்வொரு லாரிக்கும் ஓரங்கட்டி வழிவிட்டாள். திருச்சி தாண்டியதும் லாரிகளுக்கு நடுவே போவது பழகிவிட்டது. நாமக்கல்லில் இட்லி சாப்பிட்டாள். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து தரை என்றால் தட்டையாகத்தான் இருக்கும் என்று பழகியவள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் எதிரே வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மேலே லாட்ஜில் இருந்தவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, கூட யாரும் வரவில்லையா என்று கேட்டார். இல்லை, ஒரு ஆளுக்குத்தான் ரூம் என்றாள். சொல்லும்போது குரல் தடுமாறாதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலையில் போனில் வீடியோவைக் காட்டி வழி விசாரித்துக்கொண்டு அந்தப் பாதைக்குப் போய்ச் சேர்ந்தாள். காப்பித் தோட்டத்துக்கு மேலே தொடங்கியது. மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை, சைக்கிள் தானாக ஓடியது. அதுதான் பயமாக இருந்தது. ஆற்றங்கரையில் வேகம் என்பது அவள் காலில் இருந்தது. இங்கே வேகம் மலையிடம் இருந்தது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தாள். முதல் வளைவிலேயே முன்சக்கரம் வழுக்கி, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு புதரில் விழுந்தாள். எழுந்து சேலைக்குப் பதிலாகப் போட்டிருந்த சுடிதாரை உதறிக்கொண்டு மறுபடி ஏறினாள். மறுபடி விழுந்தாள். ஏற்றம் வந்த இடத்தில் மட்டும் அவளுடைய கால்கள் அவளைக் கைவிடவில்லை. கியரைக் குறைத்து, நிற்காமல், இறங்கித் தள்ளாமல் ஏறிவிட்டாள். மேலே போனதும் நெஞ்சு வெடிப்பதுபோல இருந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு அந்தப் பாறைப் படி வந்தது. வீடியோவில் சின்னதாகத் தெரிந்தது. நேரில் அவள் காலுக்குக் கீழே தரை நழுவிப் போகிற மாதிரி இருந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

இதில் தங்கம் கால் ஊன்றாமல் இறங்கியிருக்கிறாள். விமானமோ அமெரிக்காவோ அப்பாவோ அவளை இதில் இறக்கிவிட முடியாது. எத்தனையோ தடவை விழுந்து, முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு, திரும்ப ஏறி ஏறித்தான் இது வந்திருக்கும். இரண்டு மிதி மிதித்துவிட்டு அழுத பெண் எப்போது இப்படி ஆனாள் என்று ஜெயபாரதிக்குத் தெரியாது. அவள் கேட்டதே இல்லை. பொறாமை அப்போதும் போகவில்லை. இத்தனை வருஷமாகத் தங்கத்தின் அதிர்ஷ்டத்தின் மேல் இருந்தது, இப்போது தங்கை பழக்கி வைத்திருந்த கைகால் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் இந்தப் பொறாமை ஜெயபாரதியை அரிக்கவில்லை. பந்தயத்தில் முன்னால் போகிறவளின் முதுகைப் பார்த்துக்கொண்டு மிதிக்கிறபோது வருமே, அந்த மாதிரி இருந்தது.

போனை எடுத்தாள். மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கினாள், வார்த்தை ஒன்றும் சரியாக அமையவில்லை. அழித்தாள். கடைசியில் பாறையைப் படம் எடுத்து அனுப்பி, 'பாப்பாவை வச்சுப் பொய் சொன்னது பெரிய தப்பு தங்கம். இங்க வந்திருக்கேன். இந்த எடத்துல பிரேக் புடிச்சியா, விட்டுட்டியா?' என்று கேட்டாள்.

அன்றைக்குப் பதில் வரவில்லை. அவள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பாறையை நடந்தே கடந்தாள். லாட்ஜில் முழங்கைக்கு மருந்து தடவிக்கொண்டு, போனை மூன்று நான்கு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

காலையில் பல் தேய்க்கும்போது வந்தது. பொய் சொன்னதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'பின் பிரேக் மட்டும். உக்காராதே, எந்திரிச்சு ஒடம்பப் பின்னால தள்ளு. கீழ பாக்காதே, பாதை முடியற எடத்தப் பாரு.' கொஞ்சம் கழித்து இன்னொன்று. 'ஹெல்மெட் இருக்கா?'

இல்லை என்று எழுதினாள். 'வாங்காம ஏறாதே' என்று வந்தது.

லாட்ஜ் இருந்த செம்மேட்டுக் கடைத்தெருவில் சைக்கிள் ஹெல்மெட் கிடைக்கவில்லை. லாட்ஜ்காரரிடம் அவர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தலை கனத்தது, கழுத்தில் வியர்வை ஓடியது. முதல் தடவை பாறை விளிம்புவரை வந்து நின்றுவிட்டாள். இரண்டாவது தடவை பாதியில் காலை ஊன்றி விழுந்தாள். மூன்றாவது தடவை சைக்கிள் கடகடவென்று உதறியது, பற்கள் தட்டின, கண்ணை மூடக்கூடாது என்பது மட்டும் நினைவில் இருந்தது. கீழே செம்மண்ணில் சக்கரம் உருண்டபோதுதான் இறங்கிவிட்டோம் என்பது தெரிந்தது.

பஞ்சநதத்தைக் கூப்பிட்டாள். பருத்தி எடுத்தாகிவிட்டதா என்று விசாரித்தாள். எப்போது வருகிறாய் என்று அவர் கேட்டார்.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வரேங்க," என்றாள். "வர்ற வழியில கும்பகோணம் போயிட்டு வரேன். தங்கம் பேசுவாளோ என்னவோ. போயி நிக்கணும்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுபடி மேலே ஏறத் தொடங்கினாள்.