மொந்துகன் தொளுத்திய பிறுவை

அந்தப் பள்ளியில் யாரும் ‘புரியவில்லை’ என்று சொல்வதில்லை. இப்படியொரு விதி எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டப்பட்டிருக்கவில்லை. ஒட்டியிருந்தால் யாரேனும் மீறியும் இருப்பார்கள். மாணவர்கள் “இன்னொரு தடவ படிச்சுக்கறேன் மிஸ்” என்பார்கள். ஆசிரியர்கள் “பாத்துக்கலாம்” என்பார்கள். தலைமையாசிரியை “நோட் பண்ணிக்கிட்டேன்” என்பார். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான் என்பதை, ஏழாம் வகுப்புக்கு மொழிப்பாடம் நடத்த வந்த இளைய ஆசிரியை முதல் பருவத்திலேயே தெரிந்துகொண்டாள்.

அவளுடைய வகுப்பு பத்தி வாசித்து விடையெழுதுவதில் பள்ளியிலேயே முதலிடம். அதற்கு அவர்கள் கைக்கொண்ட முறை எளியது. முதலில் வினாவைப் படிப்பது. வினாவிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடுவது. கிடைத்த வரியைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போட்டு அப்படியே பெயர்த்து எழுதுவது. பத்தியை முழுதாக வாசிப்பது நேர விரயம் என்பது முதல் பெஞ்சின் அனுபவ ஞானம். வாசிப்பு என்பது வாசகனுக்கும் பிரதிக்கும் இடையே நிகழும் உரையாடல் என்று பட்ட மேற்படிப்பில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள் அவள். இங்கே நடந்ததோ உரையாடல் அன்று. பூட்டிய வீட்டில் தேவையான பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டு வெளியேறுவது.

இந்தத் தேர்ச்சியில் ஒரே ஓட்டை, மூன்றாம் பெஞ்சில் ஜன்னலோரம் இருந்த பெண். வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் ‘நத்தை’. மற்றவர்கள் தாளைக் கொடுத்துவிட்டு விளையாட்டுத் திடலுக்கு ஓடும்போது அவள் இரண்டாம் வரியில் இருப்பாள். விடைத்தாளில் பாதி வெள்ளையாகவே திரும்பும்.

ஒருமுறை வகுப்பில் ஒரு பத்தி. முதியவர் ஒருவர் தினமும் மாலையில் படகுத்துறைக்கு வருகிறார். இரண்டு சீட்டு வாங்குகிறார். தனியாகப் படகேறி அக்கரைக்குப் போகிறார். ‘முதியவர் எத்தனை சீட்டு வாங்கினார்?’ என்பது முதல் வினா. வகுப்பே ‘இரண்டு’ என்று எழுதியிருக்க, நத்தை எழுதவில்லை.

“இதுகூடவா தெரியல?” என்று ஆசிரியை அவளருகே குனிந்து கேட்டாள்.

“ரெண்டுன்னு தெரியும் மிஸ்.”

“அப்போ எழுத வேண்டியதுதானே?”

“இன்னொண்ணு யாருக்குன்னு யோசிச்சேன். வர்றேன்னு சொல்லிட்டு வராமப் போனவங்களுக்கா, இல்ல இனிமே வரவே முடியாதவங்களுக்கா? அதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு.”

பின்னாலிருந்து ஒருவன், “மிஸ், நத்த இன்னும் படகுலயே உக்காந்திருக்கு, கரைக்கு இழுத்துட்டு வாங்க” என்றான். வகுப்பு சிரித்தது. நத்தையும் சிரித்தாள், ஆனால் பென்சிலின் முனையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஆசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறையில் பத்தியை வாசித்தது ஒருத்திதான், அவளுக்குத்தான் சுழியம் என்பது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அந்த வாரமே அவள் ஒரு சோதனைக்குத் துணிந்தாள். மாதத் தேர்வு வினாத்தாளில், பாடநூலில் இல்லாத பத்தி கேட்குமிடத்தில், தானே எழுதிய நான்கு வரிகளை வைத்தாள்:

‘மொந்துகன் காலையில் எழுந்ததும் பிறுவையைத் தொளுத்தினான். பிறுவை மிகவும் குறுப்பாக இருந்தது. ஆகவே அவன் அதைச் சவுங்கத்தில் நிமுட்டினான். இதைக் கண்ட ஞொடிகள் அனைத்தும் வளுமின.’

கீழே ‘மொந்துகன் எதைத் தொளுத்தினான்?’ என்பது போன்ற வினாக்கள். அந்த வரிகளில் பொருளுள்ள சொற்கள் காலையும் எழுந்ததும் போன்ற சிலதான். மற்றவை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் வாய்க்கு வந்தபடி உருட்டியவை. தாள்களைத் தானே திருத்தி, வகுப்பில் சிரிக்கச் சிரிக்கப் பேசி, பென்சில் அடைப்புக்குறியின் மாயத்தை உடைத்துவிடலாம் என்பது திட்டம். வினாத்தாள் தலைமையாசிரியையின் கையொப்பத்துடன் ஒரு திருத்தமுமின்றித் திரும்பியபோதே அவள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் உண்மையான சறுக்கல் வேறிடத்தில். மாதத் தேர்வுத் தாள்களைப் பாடம் நடத்துபவரே திருத்தக்கூடாது, வேறொருவருக்கு மாற்றித் தரவேண்டும் என்ற வழக்கத்தை அவள் மறந்திருந்தாள். விடைத்தாள் கட்டும் விடைக்குறிப்பும் மூத்த மொழியாசிரியரின் மேசைக்குப் போய்விட்டன.

அவரைப் பிள்ளைகள் ‘பேரகராதி’ என்பார்கள். எந்தச் சொல்லைக் கேட்டாலும் பொருள் சொல்லிவிடுவார். ‘தெரியாது’ என்று அவர் வாயிலிருந்து எவரும் கேட்டதில்லை. இடைவேளையில் பசித்தவனுக்குத் தன் டப்பாவைத் திறந்து நீட்டும் மனிதர்; ஆனால் சொல் விஷயத்தில் ஒரு அங்குலம் விட்டுத்தர மாட்டார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அவர் திருத்திய தாள்களை நீட்டினார். “பத்திக் கேள்வியில எல்லாருமே முழு மார்க்கும்மா. உங்க பசங்க சிங்கக்குட்டிங்க. அந்த ஒரு பொண்ணு மட்டும் ஒரு எழுத்துகூட எழுதல. முட்ட போட்டிருக்கேன்.”

“ஐயா, அந்தப் பத்தி வந்து…”

“பிரமாதம்! நடையில ஒரு பழைய வாசன இருக்கு. எங்க புடிச்சீங்க?”

அவள் வாயைத் திறந்தாள். பக்கத்து மேசைகளில் நான்கு பேர் தலை நிமிர்ந்திருந்தார்கள். “பாத்துக்கலாம் ஐயா” என்று சொல்லிவிட்டு, தன் குரலில் அந்தச் சொல்லைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள்.

பார்த்துக்கொள்ள அவகாசம் இருக்கவில்லை. தொடர்ந்து மதிப்பெண் குறைந்தவர்களைக் கடைசிப் பிரிவுக்கு மாற்றுவது பள்ளியின் நடைமுறை. அங்கே நூலக நேரம் கிடையாது, கதை கிடையாது, நாள் முழுக்க எழுத்துப் பயிற்சியும் எதிர்ச்சொல்லும். நத்தை போன்றவளை அங்கே அனுப்புவது, நீந்தத் தெரிந்த ஒரே ஆளைக் கரையில் கட்டிப்போடுவது போல. வெள்ளிக்கிழமை, வீட்டார் முன்னிலையில் மாற்றத்தை உறுதிசெய்யத் தலைமையாசிரியை அனைவரையும் அழைத்தார்.

நத்தையோடு வந்தவள் அவளுடைய அத்தை. துணிக்கடையொன்றில் ஆடைகளை அளவு திருத்தும் வேலை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை மறந்து அப்படியே வந்திருந்தாள். நாற்காலி நுனியில் அமர்ந்து, “அத்தையும் நத்தையும் வந்துட்டோம் மேடம், தீர்ப்பச் சொல்லுங்க” என்றாள். யாரும் சிரிக்காததைக் கண்டு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“மார்க் பாத்தீங்களா? இந்தத் தடவ சுத்தமா முட்ட” என்றார் தலைமையாசிரியை.

“பாத்தேங்க. ஆனா இவ வீட்டுல படிக்காம இல்லீங்க. கையில கதப் புஸ்தகத்தக் குடுத்தா சோறு ஆறிப் போயிடும், கத முடியாது. ‘ஏன்டி ஒரே பக்கத்துல நிக்கற’ன்னு கேட்டா, ‘இரு அத்த, அவன் கதவத் தொறக்கலாமான்னு யோசிக்கறான்’ங்கறா. அவன் யோசிச்சா இவளும் கூட நிக்கணுமா? வேற பிரிவுக்குப் போனா லைப்ரரி கிடையாதாமே? ரெண்டு நாளா சரியாச் சாப்புடல மேடம்.”

நத்தை அத்தையின் முழங்கையைக் கிள்ளினாள்.

இளைய ஆசிரியை வினாத்தாளை மேசைமேல் வைத்தாள். “மேடம், முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி இந்தப் பத்திய ஒரு தடவ படிச்சுப் பாருங்க.”

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். கண்கள் நான்கு வரிகளையும் கடந்தன. பிறகு முதல் வரிக்குத் திரும்பின. “ம்ம். நோட் பண்ணிக்கிட்டேன்” என்றார். பின்பு தாளைப் பேரகராதி பக்கம் தள்ளினார். “திருத்தினது நீங்க. பத்தியிலயோ வினாவிலயோ குறையிருக்குன்னு நீங்க சொன்னா இந்த மார்க்க ரத்து பண்ணிடலாம். பொண்ணு இங்கயே இருக்கலாம். குறையில்லன்னா மாத்திதான் ஆகணும். சொல்லுங்க ஐயா.”

“மேடம், அந்தச் சொல்லெல்லாம் நானே…” என்று தொடங்கினாள் இளைய ஆசிரியை.

“சேகரிச்சது. தெரியுதும்மா” என்று பேரகராதி இடைமறித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “குறையா? ஒரு உழைப்பாளியோட காலைப்பொழுத நாலே வரியில தீட்டியிருக்கு. பிறுவைங்கறது ஒரு கருவி. வழக்குல கொறஞ்சு போச்சு. அது குறுப்பா இருக்கு, அதாவது மழுங்கிப் போயிருக்கு. அதனால சவுங்கத்துல நிமுட்டறான்.”

“நிமுட்டறதுன்னா?” என்றாள் அத்தை, உண்மையான ஆர்வத்தோடு.

“பதப்படுத்தறதும்மா. ஒரு மாதிரித் தீட்டறது.”

“ஓ, எங்க கடையில கத்திரிக்கோலுக்குப் பண்றாப்பலயா!”

“அதேதான்” என்றார் அவர். நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. அவர் பொய் சொல்கிறார் என்று இளைய ஆசிரியைக்குத் தோன்றவில்லை. ஓடத் தொடங்கிய மனிதருக்கு நிற்க இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இனி உண்மையைச் சொன்னால் முப்பதாண்டு மதிப்பை ஒரு நொடியில் இடித்துத் தள்ளியவளாவாள். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணை. அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

அதற்குள் அவர் நத்தையின் பக்கம் திரும்பியிருந்தார். “நீ ஏம்மா ஒண்ணும் எழுதல? பயமா?”

“இல்லைங்கய்யா. படிச்சேன். மொந்துகன் நல்லவனா கெட்டவனான்னு பாத்தேன். ஞொடிங்க பயந்து வளுமுதா, சந்தோஷத்துல வளுமுதான்னு பாத்தேன். கண்ண மூடியும் பாத்தேன். ஒண்ணுமே தெரியல… இருட்டா இருந்துச்சு.” அவள் சற்றுத் தயங்கினாள். “நீங்க சொன்னதுக்கப்புறம் கொஞ்சம் வெளிச்சமா இருக்குங்கய்யா. எழுதிக்கட்டுமா?”

அவள் தன் வெள்ளை விடைத்தாளை மேசைமேல் விரித்து, அழகான கையெழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக எழுதத் தொடங்கினாள். பிறுவை, கருவி. குறுப்பு, மழுக்கம். மிகுந்த நம்பிக்கையோடு, மருந்துச் சீட்டைப் படியெடுப்பவளைப் போல எழுதினாள். “நிமுட்டறது, தீட்டறதுங்களா ஐயா?” என்று தலை தூக்காமலே கேட்டாள்.

பேரகராதி அவள் எழுதுவதையே பார்த்தார். மழுங்கிய பிறுவை அந்தத் தாளில் ஒரு பொருளாகிக்கொண்டிருந்தது. நாளை அவள் அதை வேறொரு வாக்கியத்தில் தேடுவாள். கண்ணை மூடித் தேடுவாள். கிடைக்காதபோது குறை தன்னுடையது என்றே நினைப்பாள். அவர் வினாத்தாளைத் தன் பக்கம் இழுத்தார். விடைக்குறிப்பைப் பாராமல், வினாக்களைப் பாராமல், முதல் சொல்லிலிருந்து விரலை வைத்து வாசித்தார். அவ்வளவு மெதுவாக அவர் எதையும் வாசித்து அந்த அறையிலிருந்த எவரும் பார்த்ததில்லை. விரல் கடைசிச் சொல்லுக்கு வந்தது. மீண்டும் தொடக்கத்துக்குப் போனது. வராந்தாவில் ஏதோவொரு வகுப்பு வாய்ப்பாட்டைக் கூட்டாக ஒப்பித்துக்கொண்டிருந்தது.

“எழுதாதே கண்ணு” என்றார்.

நத்தையின் பென்சில் நின்றது.

“என்னாச்சு ஐயா?” என்றார் தலைமையாசிரியை.

மூத்த ஆசிரியர் எழுந்து நின்றார். வகுப்பில் விடை சொல்ல எழும் பிள்ளையைப் போல, கைகளை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

“எனக்கு இந்தப் பத்தி புரியல மேடம்” என்றார், வராந்தா வரைக்கும் கேட்கும் குரலில். “ஒரு வரிகூடப் புரியல.”