ஒரு விரல் இடைவெளி

அக்கா வீட்டில் குளிருக்குக் கணப்பு மூட்டியதும் படுக்கையறைச் சுவர் வழியே புகை கசிந்திருக்கிறது. அக்கா புருஷனுக்கு மூச்சுத்திணறல் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தச் சுவருக்குப் பின்னால் ஏறும் புகைபோக்கியைக் கட்டியவன் நான். கொத்தனார் தம்பி இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று அக்காதான் ஒற்றைக் காலில் நின்றாள்.

ஏணி போட்டு ஏறினேன். புகைபோக்கியின் தலையில் நான் வார்த்த சிமெண்டு மூடி, சுவரைவிட இரண்டு அங்குலம் வெளியே நீட்டி, தண்ணீர் வழியச் சரிவு கொடுத்து, பார்த்துப் பார்த்துச் செய்தது. நடுவே பிளந்து கிடந்தது. அதற்குள் நிற்கும் சுட்டமண் குழாயிலும் நீளமாக விரிசல். மழைத்தண்ணீர் இறங்கி, செங்கல்லுக்கு இடையே இருந்த கலவை தொட்டாலே உதிர்ந்தது.

"குழாய்தானே விரிசல் விட்டிருக்கு?" கீழிருந்து அக்கா கத்தினாள். "எனக்கு அப்பவே தெரியும். மலிவா கிடைக்குதுன்னு இவருதானே வாங்கிட்டு வந்தாரு! என் தம்பி வேலை அப்படிப் போகுமா?"

மாமா போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பத்து நாளாக அவருக்கு இதே அர்ச்சனைதான். தன் மூச்சைத் தானே கெடுத்துக்கொண்டதாக நம்பவே ஆரம்பித்துவிட்டார், பாவம்.

சூடேறினால் குழாய் விரியும். அதனால் குழாயைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டு, ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கிற பசையை நிரப்ப வேண்டும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வேன். இங்கே மூடி வார்த்த அன்று அக்கா பாதி ஏணி ஏறி வந்து, "என்னடா, ஓட்டை விட்டு வச்சிருக்கே? மழை உள்ள வராதா?" என்று பிடுங்கி எடுத்தாள். பசை நாளைக்கு வைப்பேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே! "இந்தா, போதுமா?" என்று மிச்சக் கலவையை அள்ளி இறுக்கி அடைத்தேன். விரிய இடமில்லாத குழாய் தானும் உடைந்து, மூடியையும் உடைத்துவிட்டது.

இறங்கினேன். 'மட்டமான குழாய்' என்று இரண்டு வார்த்தை போதும். அக்கா அதைக் கேட்கத்தான் காத்திருந்தாள்.

"மாமா, குழாய் நல்ல குழாய்தான். இடைவெளி விடாம அடைச்சது நான். தப்பு என்னோடது."

அவர் பேச வாயெடுத்தார், இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்கும்வரை நாங்கள் நின்றோம்.

"அப்ப நான் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "நான் நச்சரிச்சுத்தானேடா அடைச்சே? அதை ஏன்டா சொல்லல?"

"நீ ஆயிரம் சொல்லுவே. தொழில் தெரிஞ்சவன் நான்தானே?"

"பத்து நாளா அந்த மனுஷனைப் போட்டு வறுத்தெடுத்தேனே..." என்று அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே மறுபடி இருமல் கேட்டது. எப்போதும் முதல் ஆளாக ஓடுகிறவள் அசையவில்லை. தண்ணீரை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன்.