போயிட்டா

மாரில் அடிக்க ஓங்கிய கையை அப்படியே நிறுத்திவிட்டு, ஒப்பாரிக்கு நடுவில் சகாயராணி மகளைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒண்ணுக்குப் போனியா?"

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் புருஷன் பீட்டர்ராஜ் கிடக்கிறார். அனுமந்தன்பட்டியே வாசலில் கூடி நிற்கிறது. கேட்கிற கேள்வியா இது?

எஸ்தர் தலையை அசைத்தாள். "வரலம்மா."

"காலையிலருந்தா?"

"ராத்திரியிலருந்து."

மற்ற வீடுகளில் பிள்ளையைப் பார்த்ததும் சாப்பிட்டியா என்று கேட்பார்கள். இந்த வீட்டில் ஒண்ணுக்குப் போனியா என்றுதான் கேட்பார்கள். எஸ்தருக்குக் கைக்குழந்தையிலிருந்தே மாதம் தவறாமல் காய்ச்சல். உடம்புச் சூடு என்று விளக்கெண்ணெய் வைத்தார்கள், பயந்திருக்கிறாள் என்று கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், சளி என்று ஊசி போட்டார்கள். ஒன்றுக்கு இருக்கும்போது பிள்ளை வீறிட்டதை ஒருத்தரும் காய்ச்சலோடு சேர்த்துப் பார்க்கவில்லை, பாவிகள். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டரம்மாதான் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்: பைக்குள் இறங்கின மூத்திரம் இவளுக்கு வந்த வழியே மேலே ஏறுகிறது, கிருமியையும் கூட்டிக்கொண்டு ஏறுகிறது, ஏறி ஏறி இரண்டு கிட்னியும் வடுப்பட்டுக் கிடக்கின்றன.

"தண்ணி மேட்டுக்கு ஏறுமா டாக்டரு?" என்று பீட்டர்ராஜ் கேட்டார்.

"தடுக்கிற வாய் சரியில்லன்னா ஏறும்ங்க."

மாத்திரை, ஆபரேஷன் எல்லாம் பார்த்தும், பட்ட வடு ஆறவில்லை. காலேஜில் சேர்ந்த வருடம் கிட்னியில் மிச்சமிருந்ததும் சுருங்கிவிட்டது. டயாலிசிஸில் பிள்ளை கருத்து வற்றிப்போனபோது பீட்டர்ராஜ் சட்டையைத் தூக்கிக் காட்டி, "ரெண்டு இருக்குல்ல, ஒண்ணு சும்மாதான கெடக்கு, எடுத்துக்கிறட்டும்" என்றார். பக்கத்து வீட்டுக்கு ஒரு திராட்சைக் கொடி ஒடித்துக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னார். அன்றிலிருந்து அது எஸ்தரின் வலது அடிவயிற்றில் இருக்கிறது. கை வைத்தால் தட்டுப்படும். கொடுத்தவரும் நன்றாகத்தான் இருந்தார். நேற்று சாயங்காலம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மாயக்காள் நகர்ந்து வந்து காதைக் கடித்தாள். "ஆத்தா சகாயம், தப்பா நெனைக்காத. குடுத்தவுக கண்ண மூடிட்டா, குடுத்ததுக்கும் தெரிஞ்சுருமாம்ல? அதுவும் கூடவே அடங்கிரும்பாக."

"வாயக் கழுவு மாயக்கா!"

கழுவச் சொல்லிவிட்டாளே தவிர, கண் மகளின் அடிவயிற்றுக்கே போயிற்று. கொடுத்தபிறகு அது பிள்ளையுடையது என்று டாக்டர்கள் அன்றைக்கே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் புருஷனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு டாக்டர் பேச்சு எங்கே ஏறும்?

"தண்ணி குடிச்சியா?"

"மாத்திரைக்கு ஒரு வாய். அப்பாவ எடுக்குற வரைக்கும் குடிக்கக் கூடாதுன்னு சித்தப்பா சொன்னாக."

கோயம்புத்தூரிலிருந்து விடிகாலையில் கிளம்பி இந்தச் சித்திரை வெயிலில் வந்தவள். பஸ்ஸிலும் குடித்திருக்க மாட்டாள். சகாயராணி முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். கொழுந்தன் அமல்ராஜ் குறுக்கே வந்தார்.

"மதினி, எடுக்குற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. அண்ணனுக்குச் செய்யுற மரியாத."

"ஒங்க அண்ணன் அங்கன மட்டுமா இருக்காக?" சகாயராணி மகளின் அடிவயிற்றில் கை வைத்தாள். "இங்கனயும் இருக்காக. இவுகளுக்குத் தண்ணி வேணும்."

அமல்ராஜ் ஒதுங்கி வழிவிட்டார். ஊர் பார்க்கப் பார்க்க எஸ்தர் தண்ணீர் குடித்தாள், தம்ளர் தம்ளராக.

"காரச் சொல்லி வைங்க," என்றாள் சகாயராணி. "சாமி வந்து செபம் முடியுறதுக்குள்ள இவளுக்கு ஒண்ணுக்கு வரலன்னா நாங்க மதுரைக்குக் கிளம்பிருவோம். நீங்க அடக்கம் பண்ணிருங்க."

"புருஷன அடக்கம் பண்ணாமயா?"

"அவுகளுக்குப் புரியும்."

அதற்குப் பிறகு சகாயராணிக்கு அழுகையே வரவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து மரப்பெட்டிக்கு மாற்றினார்கள், சாமியார் வந்தார், ஊதுபத்தி கொளுத்தினார்கள். அவள் கண் மகளின் முகத்தை விட்டு நகரவில்லை. செபம் பாதியில் எஸ்தர் அம்மாவின் கையைத் தொட்டாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்கள்.

எஸ்தர் உள்ளே போய்த் தகரக் கதவைச் சாத்திக்கொண்டாள். சகாயராணி வெளியே நின்றாள். உள்ளே சத்தமே இல்லை. வீட்டுக்குள்ளிருந்து 'ஆமென்' கேட்டது. அமல்ராஜ் கொல்லைக்கே வந்துவிட்டார்.

"மதினி, பெட்டிய மூடப் போறாக. கடைசியா மொகத்தப் பாருங்க."

"நிக்கச் சொல்லுங்க."

"சாமியவா?"

"சாமியத்தான்!"

அவர் போனார். சகாயராணி தகரத்தில் காதை வைத்தாள். முதலில் ஒரு சொட்டு. நின்றுவிட்டது. அவளும் மூச்சை நிறுத்தினாள். பிறகு வந்தது. மெல்லிசாக ஆரம்பித்து, தடித்து, சிமெண்டுத் தரையில் விழுந்து ஓடுகிற சத்தம்.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முன்வீட்டில் கால் பெருவிரல்களைக் கட்டி, தாடையைக் கட்டிக் கிடத்தியிருக்கிறார்கள். அவர் நெஞ்சு நின்றாயிற்று, மூச்சு நின்றாயிற்று. இங்கே கொல்லையில் அவரில் ஒரு துண்டு, சேதியே தெரியாமல், கொடுத்த தண்ணீரை வாங்கிச் சுத்தம் பண்ணி அனுப்பிக்கொண்டிருக்கிறது. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும்போதுகூட அவளுக்கு இப்படி ஆனதில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். எதைக் கும்பிடுகிறோம் என்று யோசிக்கவில்லை.

அப்படியே முன்வீட்டுக்கு ஓடினாள். "போயிட்டா! எஸ்தரு போயிட்டா!"

அடுத்த கணம் வீடே அலறியது. "அய்யோ, மகளுமா!" மாயக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாஞ் சொன்னேனே, அடங்கிரும்னு சொன்னேனே!" அமல்ராஜ் கையிலிருந்த பெட்டி மூடி நழுவி அவர் காலிலேயே விழுந்தது. சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அடச்சீ! ஒண்ணுக்குப் போயிட்டாய்யா!"

பின்னால் யாரோ களுக்கென்றார்கள். அது பரவியது. சாமியார் புத்தகத்தால் முகத்தை மறைத்தார், தோள் குலுங்கியது. மாயக்காள் அடித்துக்கொண்ட கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சகாயராணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக் குனிந்தவள், அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

எஸ்தர் கால் கழுவிக்கொண்டு வந்து, அப்பாவின் நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு நகர்ந்தாள். பெட்டியை மூடினார்கள்.

"தூக்கலாமா மதினி?"

"தூக்குங்க." சகாயராணி மூக்கைத் துடைத்துக்கொண்டு தரையைக் காட்டினாள். "பாத்து. அங்கன மிதிச்சுராதீக."

கொல்லை வாசலிலிருந்து பெட்டிவரைக்கும் எஸ்தரின் ஈரக்கால் தடம் இருந்தது. தூக்கினவர்கள் பெட்டியைத் தோளில் ஏற்றி, சுவரோரமாக ஒதுங்கி நடந்தார்கள்.