ஆம்புரோஸ் சொன்ன ஃபிளாக்

பத்து காஜா பட்டணத்தில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஜைனுலாப்தீன், ஆகஸ்ட் மாதம் பிறந்ததும் கடையிலிருந்த பெரிய டிவியைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒரே ஒரு தே ஓவை, பாலில்லாத தேநீரை, வைத்துக்கொண்டு மூன்று ஆட்டம் பார்க்கிறவர்களால், பசித்து வருகிறவர்களுக்கு நாற்காலி கிடைப்பதில்லை என்பது அவர் நியாயம்.

மறுநாள் ஆம்புரோஸ் வந்தார். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலையில், கிராணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். உலகப் போரைப் பற்றிய புத்தகங்களைத் தவிர வேறெதையும் படிக்க மாட்டார். தமிழில் பேசிக்கொண்டே இருப்பவர் நடுவில் ஓர் இங்கிலீஷ் சொல்லை இறக்கி வைப்பார். அன்றும் வெறுஞ்சுவரைப் பார்த்துவிட்டு இறக்கினார்.

"பாய், இதுக்கு உங்களுக்கு நிறைய ஃபிளாக் வரும், பாருங்க."

ஜைனுலாப்தீன் காதில் கொடி என்று விழுந்தது. சுதந்திர மாதம் வேறு. கடைத்தெருவில் ஆளாளுக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆம்புரோஸுக்கு அலுவலகத்தில் இன்னும் ஆள் பழக்கம் உண்டு. டிவி பார்க்கிற சோம்பேறித்தனத்தை ஒழித்த கடைக்கு மேலிடத்திலிருந்து மரியாதையாகக் கொடிகள் வரப்போகின்றன என்று பாய் முடிவு கட்டிவிட்டார்.

"நெசமாவாண்ணே? நிறையவா வரும்?"

"நிறையவா? உங்களால தாங்க முடியாது."

"அதெல்லாம் தாங்கிக்குவேன்லா!"

இந்த மனுசருக்கு எவ்வளவு தைரியம் என்று வியந்தபடி ஆம்புரோஸ் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அன்றே சித்தியவானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

பாய் மூங்கில் கழிகளை வாங்கி வந்து கடை முகப்பில் வரிசையாக நட்டார். தூணுக்குத் தூண் கயிறு கட்டினார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி குல்ஜார் பேகம், "எதுக்கும் நாமளே நாலு கொடி வாங்கிக் கட்டுவோமே" என்றார்.

"வேணாம். அது தானா வரும். ஆம்புரோஸ் அண்ணன் சொல்லிட்டாரு."

கொடி வரவில்லை. திட்டு வந்தது. தோட்டத்துச் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டும் சன்னாசி முதலில் ஆரம்பித்தார். "என்ன பாய், சனிக்கிழம பூப்பந்து ஃபைனல்! டிவி எங்க? சுவத்தப் பாத்துக்கிட்டா ரொட்டி சாப்பிடுறது?" பக்கத்து இரும்புக் கடைச் சீனர் பாதித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். டிவி போன நாளிலிருந்து மீன் குழம்பும் தண்ணீராகிவிட்டதென்று யாரோ முகநூலில் எழுதினார்கள்.

பாய் கலங்கவில்லை. "ஃபிளாக் வரட்டும், அப்பப் பாருங்க" என்றார். வெறும் கழிகளைப் பார்த்தவர்கள், துணி காயப்போடவா என்று கேட்டார்கள். குல்ஜார் பேகமும் அது நல்ல யோசனைதான் என்று அடுப்படித் துணிகளைக் கழிக்கு ஒன்றாக மாட்டிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் ஆம்புரோஸ் திரும்பி வந்தார். பாய் தெருவுக்கே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, ஃபிளாக் எங்கண்ணே?"

"சன்னாசி ஏதும் சொல்லலயா?"

"வாய்க்கு வந்தபடி ஏசிட்டாரு."

"இரும்புக் கடைக்காரரு?"

"தட்டையே தள்ளிட்டாரு."

"இதுக்கு மேல எவ்வளவு ஃபிளாக் வேணும் உங்களுக்கு?"

பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆம்புரோஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது கொடி இல்ல பாய். அதுக்குக் கடைசி எழுத்து ஜி. இதுக்குக் கே. ஜெர்மன்காரன் சொல்லு. ஃபிளீகர் அப்வேர் கனோனே. பறக்குறவன், தடுக்குறது, பீரங்கி, மூணையும் ஒட்டவச்ச பேரு. ஏரோப்பிளேனச் சுட்டுத் தள்ளுறதுக்கு. முழுசா சொல்லி முடிக்குறதுக்குள்ள பிளேனு போயிரும்னு ஃபிளாக்குன்னு சுருக்கிட்டான். அந்தக் குண்டெல்லாம் வாங்குன இங்கிலீஷ்காரன், பின்னால நாலு பேரு சேந்து ஒருத்தனத் திட்டுறதுக்கும் அதே பேர வச்சுட்டான்."

"அப்ப இவரு பீரங்கிக்கா மூங்கில் நட்டாரு?" என்று குல்ஜார் பேகம் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, ஆம்புரோஸுக்கு வைத்திருந்த தண்ணீரைக் குடித்தார்.

பாய்க்குக் காது சுட்டது. கழிகளில் ஆடிய கரித்துணிகளைப் பார்த்தார். வேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆட்டம் தொடங்குவதற்குள் டிவி பழைய ஆணியில் தொங்கியது.

கடை நிரம்பி வழிந்தது. இரும்புக் கடைக்காரர்கூட முன்வரிசையில் இருந்தார். பாய் எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு தே தாரிக் ஆற்றிக் கொடுத்தார். மூன்றாவது செட்டில், நம் நாட்டு ஆட்டக்காரன் கடைசி இறகுப்பந்தை வலையில் அடித்துத் தோற்றான்.

சன்னாசி மெல்ல எழுந்தார்.

"டிவி இல்லாதப்ப எல்லாம் ஜெயிச்சுக்கிட்டுத்தான இருந்தான்? இன்னிக்கு பாய் டிவிய மாட்டுனாரு, தோத்துட்டான்!"

எல்லாத் தலைகளும் பாய் பக்கம் திரும்பின. ஆம்புரோஸ் வாயைத் திறந்தார்.

"அண்ணே, தமிழ்ல மட்டும் சொல்லுங்க" என்று கெஞ்சினார் பாய்.

"அடுப்படிக்குள்ள ஓடிருங்க."

பாய் ஓடினார்.