இரண்டு நிமிடம் என்று சொன்னவள்

நிக்கனோராவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அது அவளுக்கே தெரியும். லிமாவின் வடக்கே, கோமாஸ் பெருஞ்சாலையில் பேருந்துகள் திரும்பும் முனையில் பதினோரு வருடமாக நின்றுகொண்டிருந்தாள். கையில் நோட்டு, காதில் செருகிய பேனா, கழுத்தில் தொங்கும் கடிகாரம். ஒரு பேருந்து போனால் மணியைக் குறித்துக்கொள்வாள். அதே தடத்தில் அடுத்தது வந்து வேகம் குறைக்கும்போது, முன்னால் போனவனுக்கும் இவனுக்கும் எத்தனை நிமிடம் இடைவெளி என்று கத்துவாள். படியில் தொங்கும் நடத்துநர் ஒரு சில்லறைக் காசை அவள் பக்கம் வீசிவிட்டுப் போவார். இதுவும் ஒரு பிழைப்பு.

எட்டு, பத்து என்று அவள் சொன்னால் ஓட்டுநருக்குக் கொண்டாட்டம். முன்னால் போனவன் போய் வெகுநேரம் ஆகிவிட்டது, நிறுத்தங்களில் கூட்டம் சேர்ந்திருக்கும், சாவகாசமாகப் போய் ஏற்றிக்கொள்ளலாம். ஒன்று, இரண்டு என்றால் அவன் எல்லாரையும் வாரிக்கொண்டு போய்விட்டான் என்று அர்த்தம். விரட்டிப் பிடித்து அவனை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்திலாவது ஆள் கிடைக்கும். ஆக, அந்தச் சாலையில் ஓட்டுநர்களின் வலது காலை ஆட்டிவைத்தது நிக்கனோராவின் வாய்தான்.

பட்டப்பெயர் வைப்பதிலும் அந்த வாயை மிஞ்ச ஆளில்லை. வேகமாக ஓட்டுகிறவன் 'விமானம்'. சிவப்பு விளக்கை மதிக்காதவன் 'நிறக்குருடன்'. வளைவில் வண்டியைச் சாய்த்துப் பயணிகளை அலறவைப்பவன் 'சர்க்கஸ்'. தோரிபியோவுக்குப் 'பேய்க்கால்' என்று அவள்தான் பெயர் வைத்தாள்; அவன் அதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு திரிந்தான். மெதுவாகப் போகிறவனுக்கு மட்டும் ஊரே வைத்த பெயர் ஒன்று உண்டு: 'பருப்பு'. அவர்கள் மொழியில் மந்தம் என்ற சொல்லும் பருப்பு என்ற சொல்லும் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கும். செய்தித்தாள்காரர்களும் பயணிகளும் இவர்கள் எல்லாரையும் சேர்த்துக் 'கொலைகாரர்கள்' என்றார்கள். முனையில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. நிதானமாக ஓட்டுகிறவனைப் பாராட்ட அங்கே ஒரு சொல்கூட இல்லை என்பது அத்தனை வருடத்தில் நிக்கனோராவுக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை.

எதில்பெர்த்தோதான் அந்தத் தடத்தின் பருப்பு. அவன் ஓட்டுவான், மனைவி செனாய்தா படியில் நின்று காசு வாங்குவாள். அவர்கள் மகளுக்கு ஒன்பது வருடம் முன்பு ஞானஸ்நானம் நடந்தபோது நிக்கனோராதான் ஞானத்தாய். அன்றிலிருந்து அவள் அவர்களுக்குக் 'கொமாத்ரே', அவன் அவளுக்குக் 'கொம்பாத்ரே'. கூடப்பிறந்தவர்களைக்கூட விட்டுக்கொடுக்கலாம், இந்த உறவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பார்கள். மற்ற ஓட்டுநர்களுக்கெல்லாம் அவள் வெறும் 'சென்யோரா', யாரோ ஒரு அம்மா.

எதில்பெர்த்தோவும் ஒரு காலத்தில் விமானமாக இருந்தவன்தான். இரண்டு வருடம் முன்பு பள்ளிச் சீருடையில் ஒரு பெண்குழந்தை சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தப்பியது. அன்று மாலையே அற்புதங்களின் ஆண்டவர் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, இனி யாரோடும் போட்டி போட்டு ஓட்டமாட்டேன் என்று செனாய்தாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தான்.

"என்ன கொம்பாத்ரே, வண்டியை ஓட்டிக்கிட்டு வர்றீங்களா, தள்ளிக்கிட்டு வர்றீங்களா?" என்பாள் நிக்கனோரா.

"அதை ஏன் கேக்குறீங்க கொமாத்ரே," என்று படியிலிருந்து செனாய்தா சிரிப்பாள். "நேத்து ஒரு கிழவி பாதியில இறங்கி நடந்தே எங்களை முந்திட்டா."

"முந்தட்டும். வீட்டுக்கு முழுசாப் போய்ச் சேர்ந்தாப் போதும்," என்பான் அவன்.

ஜூலை மாதத்தில் சிரிப்பு நின்றுபோனது. வண்டிச் சொந்தக்காரன் கெடு வைத்துவிட்டான். மற்றவர்களைவிட மிகக் குறைந்த பயணிகளே ஏறுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் நிலைமை மாறாவிட்டால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றான். செனாய்தா முனையில் இறங்கி இதைச் சொல்லும்போது கண் கலங்கினாள். அப்போதே நிக்கனோரா மனதுக்குள் முடிவு செய்தாள், இந்த மனுஷனை எப்படியாவது உசுப்பிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை. தரை நனைந்தும் நனையாமலும் தூறல். பேய்க்கால் ஏழு பதினாலுக்குப் போனான். எதில்பெர்த்தோ வரும்போது ஏழு இருபது. நோட்டில் இரண்டையும் சரியாகத்தான் எழுதினாள்.

"எத்தனை கொமாத்ரே?" செனாய்தா படியிலிருந்து குனிந்தாள்.

ஆறு. ஆறு என்று சொன்னால் வழக்கம்போல உருட்டிக்கொண்டு போவான். ஞாயிற்றுக்கிழமை வண்டி போய்விடும்.

"ரெண்டு," என்றாள் நிக்கனோரா. அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "பேய்க்கால் இப்பத்தான் பாலத்தைத் தாண்டுறான். பருப்புங்கிற பேரை இன்னைக்காவது துடைச்சுப் போடுங்க கொம்பாத்ரே."

மெல்ல நகர்ந்த வண்டி சட்டென்று உறுமிக்கொண்டு பாய்ந்ததைப் பார்த்து அவள் சிரித்தாள். பக்கத்தில் பார்லிக் கஷாயம் விற்கிறவனிடம், "பாத்தியா, பருப்பு கொதிக்குது," என்று பெருமையாகச் சொன்னாள். பிறகு வந்த நாட்களில் பொய்யைவிட அந்தச் சிரிப்புதான் அவளை அதிகம் அறுத்தது.

பாலத்துக்கு அப்பால் மூன்றாவது நிறுத்தத்தில், இல்லாத பேய்க்காலைத் தேடி வேறொரு தடத்துப் பேருந்தை ஓரமாகப் புகுந்து முந்தப் போய், வண்டி சாலையோரக் கான்கிரீட் சுவரில் உரசியது. படியில் நின்றிருந்த செனாய்தா இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டாள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பயணிகள் சிலருக்கு மண்டையில் அடி. மறுநாள் செய்தித்தாளில் எதில்பெர்த்தோவின் படம், மேலே கொட்டை எழுத்தில் 'இன்னொரு கொலைகாரன்'. யாரும் சாகவில்லை. இருந்தும் அப்படித்தான் போட்டார்கள்.

காவல் நிலையத்தில் அவன் யார்மீதும் பழி போடவில்லை. நான்தான் வேகமாக ஓட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். விசாரணை முடியும்வரை வெளியே விட்டார்கள். ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இதெல்லாம் முனைக்கு வந்து சேர்ந்த செய்தி. கூடவே இன்னொன்றும் வந்தது. கண் விழித்ததிலிருந்து செனாய்தா புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம். சத்தியத்தை மீறிவிட்டானே, பேசுவாளா, என்று நடத்துநர்கள் பேசிக்கொண்டார்கள்.

நிக்கனோரா ஒன்பது நாள் பொறுத்தாள். பொய் நிமிடம் சொன்னாள் என்று தெரிந்தால் அந்தச் சாலையில் ஒருவனும் அவளுக்காக வேகம் குறைக்கமாட்டான். பதினோரு வருடப் பிழைப்பு ஒரே நாளில் போய்விடும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த இரண்டு பேரின் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் தன் பொய்யால் பேசாமல் கிடக்கிறார்கள் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பத்தாம் நாள் மதியம் நோட்டையும் கொஞ்சம் கோழி சூப்பையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

செனாய்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எதில்பெர்த்தோ கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைத் தவிர்த்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க கொமாத்ரே," என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். "பாருங்க, நான் பண்ணி வச்சிருக்கிற வேலையை."

நிக்கனோரா உட்காரவில்லை. நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவனிடம் நீட்டினாள். அவன் புரியாமல் பார்த்தான்.

"ஏழு பதினாலு, பேய்க்கால். ஏழு இருபது, நீங்க," என்றாள். "ரெண்டுன்னு நான் சொன்னது பொய் கொம்பாத்ரே. வண்டி உங்க கையை விட்டுப் போயிடக் கூடாதேன்னு சொன்னேன்."

அவன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு எதையோ கணக்குப் போட்டது.

"ஆறா?" என்றான்.

"ஆறு."

"ஆறுன்னா நான் பாட்டுக்கு மெதுவாப் போயிருப்பேனே."

சுவர்ப் பக்கமிருந்து செனாய்தாவின் குரல் வந்தது. பத்து நாள் பேசாத தொண்டை கரகரத்தது. "ரெண்டுன்னு கேட்டப்பவும் இவரு மெதுவாத்தான் எடுத்தாரு. மிதிக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமையை நெனச்சு, 'மிதிங்க, மிதிங்க'ன்னு நான்தான் கத்துனேன். அப்புறந்தான் வண்டி பாஞ்சுது. சத்தியம் வாங்குனதும் நான், அதை உடைக்கச் சொன்னதும் நான். எந்த மூஞ்சியோட இவருகிட்டப் பேசுறது?"

மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "பதினோரு வருஷத்துல இவங்க சொன்ன நம்பரை நான் ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லைங்க," என்றாள்.

எதில்பெர்த்தோ கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு அவள் கையை எடுத்து முகத்தோடு சேர்த்துக்கொண்டான். அவள் அழுதாள், அவனும் அழுதான். நிக்கனோரா அங்கே நிற்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். தான் கொண்டுவந்தது வீண்போகவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தனக்கு அதில் பங்கில்லை என்பதும் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க எத்தனையோ யோசித்து வைத்திருந்தாள். 

அதையெல்லாம் விட்டுவிட்டுச் சூப்பை மேசைமேல் வைத்தாள். எதில்பெர்த்தோ எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. பாத்திரத்தை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, மரியாதையாக அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

"எடுத்துட்டுப் போங்க," என்றான். "நடந்ததை வந்து சொன்னதுக்கு ரொம்ப நன்றி, சென்யோரா."