இரண்டு சீசன் டிக்கெட்டுகள்

2025 ஜூன் 30, திங்கட்கிழமை காலை 6.10 மணிக்குப் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் புறப்பட்ட பேருந்தில் கோட்டைக்குப்பத்தைச் சேர்ந்த பதினாறு வயது சுபஸ்ரீ தனியாக ஏறினாள்.

அவளுக்கு வடசென்னையில் ஓர் அரசு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. அன்று காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் போய்ச் சேர வேண்டும். தவறினால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு இடம் போய்விடும். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பேருந்து, அங்கிருந்து திருவொற்றியூருக்கு மின்சார ரயில், பிறகு இன்னொரு பேருந்து. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். மூன்று வருடப் படிப்பு.

தூரத்தைப் பற்றி அவளுடைய அப்பா தேவேந்திரனுக்குக் கவலை இல்லை. தனியாகப் போவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. கடிதம் வந்த அன்றே ஒரு முடிவு சொல்லியிருந்தார்.

"ரெண்டு சீசன் டிக்கெட்டு எடுத்துடலாம். ஒண்ணு உனுக்கு, ஒண்ணு எனுக்கு. காலேல கொண்டாந்து வுட்டுட்டு, சாயங்காலம் வரிக்கும் வாசல்லயே குந்தினு இருப்பேன்."

வலையில் ஓட்டை தைத்துக்கொண்டிருந்த முத்துராஜ் தலையை நிமிர்த்தினார். தேவேந்திரனின் படகில் இருபது வருடமாகக் கூட வருபவர்.

"மூணு வருசமும் குந்தினு இருப்பியா?"

"இருப்பேன்."

"அப்போ உள்ள போயே குந்து. நீயும் ஒரு டிப்ளமா வாங்கிக்கலாம்."

"நீ வலையப் பாருடா."

சுபஸ்ரீ சிரிக்கவில்லை. அப்பா வேலைக்குப் போகாமல் மூன்று வருடம் கல்லூரி வாசலில் உட்கார முடியாது. ஒரு மாதம் உட்காருவார். அதன்பிறகு படிப்பு நிற்கும். அது அவளுக்குத் தெரியும்.

ஜூன் 30 அன்று ஒரு சிக்கல் வந்தது. அன்று தேவேந்திரனுக்குப் பாடு. பழவேற்காடு ஏரியில் இறால் படும் இடங்களைக் குப்பங்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை வைப்பது என்பது முன்பே தீர்மானமாகிவிடும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஒருவருக்கு விழுந்த இடத்தில் இன்னொருவர் வலை வைக்க மாட்டார். தேவேந்திரன் போகவில்லை என்றால் முத்துராஜும் கரையில் நிற்க வேண்டும்.

"உங்கம்மா வரட்டும்" என்றார் தேவேந்திரன்.

செல்வம்மாள் பொன்னேரியைத் தாண்டி ரயிலில் போனதில்லை. பேருந்தில் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். "நான் போனா அவதான் என்னிய பாத்துக்கணும். சர்ட்டிபிகேட்டப் பாப்பாளா, என்னியப் பாப்பாளா?" என்றார்.

"அப்போ இன்னாதான் பண்றது?"

"அவ போவட்டும். மொத வாட்டி கூடப் போனியே, நடு வழியில எண்ணூர்ல எறக்கி வுட்டது யாரு?"

அது உண்மை. முதல் முறை விண்ணப்பத்துக்காகப் போனபோது, ஜன்னல் வழியே முகத்துவாரத்தையும் படகுகளையும் பார்த்த தேவேந்திரன், வந்து சேர்ந்துவிட்டோம் என்று மகளை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"அது சரி" என்றார் அவர். சிறிது நேரம் கழித்து மகளைக் கூப்பிட்டார். "சுபா, நல்லாக் கேட்டுக்கோ. ஏழேகால் வண்டி. பொன்னேரில ஒண்ணாம் பிளாட்பாரம். ரெண்டு வாட்டியும் அங்கதான் வந்துச்சி, நான் பாத்து வச்சிக்கீறேன். அது அந்த வண்டியோட எடம். மாறாது. ஒவ்வொரு எடத்துலயும் அம்மாக்குப் போன் பண்ணணும்."

"சரி நைனா."

"ஒண்ணு தப்பாப் போச்சின்னா கூட, அப்பால ரெண்டு சீசன் டிக்கெட்டுதான். பேச்சே இல்ல."

பொன்னேரி நிலையத்துக்கு அவள் ஏழு மணி தாண்டியதும் வந்துவிட்டாள். திருவொற்றியூருக்கு டிக்கெட் எடுத்தாள். அம்மாவுக்குப் போன் செய்தாள். ஒன்றாம் நடைமேடையில் நின்றாள். ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று நீளமாகக் கடந்துகொண்டிருந்ததால் எதுவும் கேட்கவில்லை. ஏழே காலுக்கு இரண்டு நிமிடம் முன்னதாக ரயில் வந்தது. பெண்கள் பெட்டியில் ஏறி, வலப்பக்க ஜன்னலோரம் இடம் பிடித்து, சான்றிதழ்கள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வெயில் அவள் வலது கன்னத்தில் விழுந்தது.

அவள் கையால் மறைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு வெளியே பார்த்தாள். எட்டு வயதிலிருந்து அப்பாவின் படகில் ஏரியில் போய்வந்திருக்கிறாள். காலையில் வடக்கே போனால் வலது கன்னம் காயும். தெற்கே வந்தால் இடது கன்னம். சென்னை தெற்கே இருக்கிறது.

பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். பாதிப் பேர், வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களைப் போல, ஒரே நிறச் சட்டை அணிந்து கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண்ணின் அட்டையில் அனிதா என்று இருந்தது.

"அக்கா, இது கும்மிடிப்பூண்டி போற வண்டியா?"

"ஆமா. நீ எங்க போவணும்?"

"திருவொத்தியூரு."

"அய்யய்யோ! அது எதிர்ப்பக்கம்மா. கூட யாரு வந்துக்கீறாங்க?"

"யாரும் வர்ல."

"இம்மாந்தூரம் தனியாவா அனுப்னாங்க?" அந்தப் பெண் எழுந்தே விட்டார். "இரு, நானும் உங்கூட எறங்கறேன். அந்தப் பக்கம் ஏத்தி வுட்டுட்டுப் போறேன்."

"வேணாக்கா. நீங்க லேட்டாப் போனா கம்பெனில கேப்பாங்க. அடுத்த ஸ்டேசன் கவரப்பேட்டதான?"

"ஆமா."

"எறங்கி, பாலத்துல ஏறி அந்தாண்ட போனா திரும்பி வர்ற வண்டி. அவ்ளோதான?"

"அவ்ளோதான்" என்றார் அனிதா. உட்கார்ந்தார். பிறகு, "பயமா இல்லியா உனுக்கு?" என்றார்.

"பத்து மணிக்கு முன்னாடி போவணும். அதான் பயம்."

கவரைப்பேட்டையில் இறங்கி, கால்பாலம் ஏறி, நடைமேடையில் நின்றவர்களிடம் கேட்டாள். சென்னை செல்லும் ரயில் எட்டு மணிக்கு மேல்தான் என்றார்கள். அவளிடம் இருந்த டிக்கெட் பொன்னேரியிலிருந்து எடுத்தது. கவுண்டருக்குப் போய் நடந்ததைச் சொல்லி, கவரைப்பேட்டையிலிருந்து புதிதாக ஒன்று எடுத்தாள். அதன் பிறகு அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"வண்டி ஏறிட்டியா?"

"ஏறி எறங்கிட்டேன். வேற வண்டிம்மா அது. கவரப்பேட்டைல கீறேன்."

செல்வம்மாள் முதலில் பையைத்தான் கேட்டார்.

"பையி?"

"மடிலயே கீது. எட்டு மணிக்கு மேல வண்டி. ஒம்போது மணிக்கெல்லாம் திருவொத்தியூர் போயிடும். நேரம் கீது."

"உங்க நைனாக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்டி. நான் சொல்ல மாட்டேன். நீயும் வாயத் தொறக்காத."

"சொல்லாம எப்டி? நான் வந்து சொல்றேன். அதுக்கு முன்னாடி நீ சொல்லாத."

"சொன்னா மூணு வருசம் வாசல்ல குந்திக்குவாரு."

"குந்தட்டும். பொய் சொல்லிட்டுப் போனா தெனமும் அதையும் தூக்கினு போவணும்."

ரயில் 8.12க்கு வந்தது. இந்த முறை அவள் முகப்புப் பலகையைப் படித்துவிட்டே ஏறினாள். வெயில் இடப்பக்கம் இருந்தது. பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர், எண்ணூர் என்று வந்தது. எண்ணூரில் முகத்துவாரமும் படகுகளும் தெரிந்தன. அவள் இறங்கவில்லை. திருவொற்றியூரில் இறங்கி, இரண்டு பேரிடம் கேட்டுப் பேருந்து ஏறினாள். பாலிடெக்னிக் வாசலில் இருந்த கடிகாரத்தில் மணி 9.38.

உள்ளே வரிசையில் அவளுக்கு முன்னால் இருபத்தாறு பேர் நின்றார்கள். எல்லோருடனும் யாராவது வந்திருந்தார்கள். சான்றிதழ்களைச் சரிபார்த்தவர், "பேரன்ட் எங்கம்மா?" என்றார்.

"ஏரிக்குப் போயிருக்காரு சார். கையெழுத்து எல்லாத்துலயும் வாங்கிட்டு வந்துட்டேன்."

அவர் தாள்களைப் புரட்டினார். எல்லா இடத்திலும் கையெழுத்து இருந்தது.

மாலை நாலரை மணிக்குப் பழவேற்காட்டில் பேருந்து நின்றபோது தேவேந்திரனும் முத்துராஜும் வெளியே நின்றிருந்தார்கள். மதியத்திலிருந்து வந்த மூன்று பேருந்துகளையும் தேவேந்திரன் பார்த்துவிட்டார் என்று முத்துராஜ் சொன்னார். கரைக்கு வந்து சாப்பிடக்கூட இல்லையாம்.

"சேத்துக்கினாங்களா?"

அவள் ரசீதைக் காட்டினாள். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நைனா, ஒண்ணு சொல்லணும். காலேல வேற வண்டில ஏறிட்டேன். கவரப்பேட்ட போயி திரும்பி வந்தேன்."

தேவேந்திரனின் முகம் மாறியது. "ஒண்ணாம் பிளாட்பாரத்துலதான நின்ன?"

"அங்கதான் நின்னேன். கும்மிடிப்பூண்டி வண்டி வந்துச்சி."

"அது எப்டி வரும்? அது நம்ம வண்டி எடமாச்சே."

"ரயிலுக்கெல்லாம் பாடு கெடையாது நைனா. எந்த வண்டி வேணா எந்த எடத்துலயும் வரும்."

முத்துராஜ் வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டியா? ரயில்வேக்காரனுக்கே பாடு பிரிச்சிக் குடுத்தவன்யா நீ!"

தேவேந்திரன் அவர் பக்கம் திரும்பவில்லை. "மூஞ்சில பலகை போட்டிருப்பானே, படிக்கல?"

"படிக்கல. மாறாதுன்னு நீ சொன்ன, நான் நம்பிட்டேன். என் தப்புதான். இனிமே படிச்சிட்டுதான் ஏறுவேன்."

"அப்போ வேற வண்டினு எப்டிக் கண்டுபுடிச்ச?"

"வெயில வச்சி."

"எந்தக் கன்னத்துல அடிச்சிது?"

"சோத்தாங்கைப் பக்கம்."

தேவேந்திரன் பையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு குப்பத்தை நோக்கி நடந்தார். பாதி வழியில், "எவ்ளோ நேரம் ஆச்சி கண்டுபுடிக்க?" என்றார்.

"ஸ்டேசன உட்டு வெளிய வந்ததும்."

"நான் எண்ணூர்ல எறங்கி அர மணி நேரம் தேடினேன்."

"தெரியும். நானும் கூட இருந்தேன்."

வகுப்புகள் ஜூலை 9 அன்று தொடங்கின. முந்தைய நாள் தேவேந்திரன் மகளோடு பொன்னேரி நிலையத்துக்குப் போய் ஒரு சீசன் டிக்கெட் எடுத்தார். அது சுபஸ்ரீயின் பெயரில் இருந்தது.